குழிக்கு அடியில்

பெங்களூருக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. அங்கே ஒரு மனிதர் செய்யும் அளவீடு தப்பு என்று நேரில் பார்த்து, அதை அவரிடமே எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். அந்த மனிதரோடு மூன்று வருடமாக அநேகமாகத் தினமும் போனில் பேசியிருக்கிறேன். ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

நான் மலேசியாவில் ஈப்போக்காரி. பெயர் யோகேஸ்வரி, வயது நாற்பத்து நான்கு. ஒரு சிறிய நிறுவனத்தில் கணினிக்குள் உலோகங்களை அழுத்திப் பார்ப்பது என் வேலை. எங்கள் வாடிக்கையாளர் மோட்டார் சைக்கிளுக்கு பிரேக் வட்டு செய்கிறவர். உப்புத்தாளில் ஒட்டியிருக்கிறதே கறுப்புத் துகள், அதை உருகிய அலுமினியத்தில் கலந்து வார்த்தால் வட்டு எடை குறைவாகவும் இருக்கும், சீக்கிரம் தேயவும் தேயாது. வார்ப்பதும் சோதிப்பதும் பெங்களூரில். அங்கே பீன்யாவில் ஒரு சோதனைக் கூடத்தில் எட்வின் என்பவர் அந்த உலோகக் கட்டியின் மேல் ஒரு சின்னஞ்சிறு குண்டை வைத்து அழுத்துவார். விழும் குழியின் அகலத்தை அளப்பார். குழி சிறியதென்றால் உலோகம் கடினம் என்று பொருள். அதே குண்டை, அதே பாரத்தில், நான் கணினிக்குள் அழுத்துவேன். இரண்டு குழியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. என் குழி எப்போதும் பெரியதாகவே விழுந்தது.

அவர் வேலை முடிந்து வீடு திரும்பியிருக்கும் மாலை ஐந்து மணி, எனக்கு ஏழரை. அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். ஆரம்பத்தில் எண்களை மட்டும்தான் சொல்லிக்கொள்வோம். அப்புறம் அங்கே மழையா, இங்கே மழையா என்று கேட்டோம். ஒரு நாள் எண்களெல்லாம் சொல்லி முடித்தபின் அவர், "இன்னிக்கு என் வொய்ஃப் இறந்து போயி ஆறு வருஷம் மேடம்" என்றார். அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. மறுநாள் ஏழு இருபதுக்கே வாசலில் போய் நின்றது நினைவிருக்கிறது.

தப்பு எங்கள் கணக்கில் இருக்க வாய்ப்பே இல்லை என்பது என் மேலாளரின் முடிவு. எட்வின் கையெழுத்திட்டுக் கொடுத்தால் பெங்களூர்க் கூடத்தின் ஒப்பந்தம் ரத்தாகும். எட்வினுடைய வேலை என்னாகும் என்று நான் கேட்கவில்லை. அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஜொகூரிலிருந்து தம்பி விடுப்பெடுத்து வந்து அவளைப் பார்த்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமை நான் விமானம் ஏறினேன்.

அல்சூரில் தங்கும் விடுதிக்கு மறுநாள் காலை எட்வினே வந்தார். மூன்று வருடத்தில் மனதுக்குள் ஓர் ஆளை வளர்த்து வைத்திருந்தேன்: ஒல்லி, நெட்டை, கண்ணாடி. வந்தவர் என் தோள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, பூசின உடம்பு, முக்கால்வாசி நரைத்த தலை. யாரோ ஓட்டுநர் என்றே நினைத்தேன்.

"நாஷ்டா ஆச்சா மேடம்?" என்றார்.

குரல் அதேதான். எனக்குக் காது மடல் சுட்டது.

"பசியாறிட்டேன்" என்றேன். அந்தச் சொல்லை அவர் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். போனில் அதுவரை காலைச் சாப்பாட்டைப் பற்றிப் பேச எங்களுக்கு நேரம் வாய்த்ததில்லை.

"காடி வெளிய நிக்குது, வாங்க" என்றார். எங்கள் ஊர்த் தமிழில் காடி என்றால் கார். வெளியே வந்து கார் எது என்று தேடினேன். அவர் ஒரு பழைய ஸ்கூட்டரின் இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மெட்ரோ வரைக்கும்தான்" என்று கூச்சத்தோடு சொன்னார். அவர் தோளைப் பிடிப்பதா, பின்கம்பியைப் பிடிப்பதா என்று யோசித்துக் கம்பியைப் பிடித்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஈப்போவில் மழை பெய்தாலும் வியர்க்கும். இங்கே ஜூலை மாதத்துத் தூறலுக்கே எனக்குப் பல் கிட்டியது.

சோதனைக் கூடம் ஒரு தகரக் கூரைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழே கடைசல் பட்டறை. எட்வின் என்னை இயந்திரத்தின் முன் உட்கார வைத்துவிட்டுத் தம் வேலையைத் தொடங்கினார். கட்டியைத் துணியால் துடைத்து மேடையில் வைத்தார். குண்டு மெல்ல இறங்கி அழுத்தியது. அழுத்தம் நிற்கும் அந்தச் சில நொடிகளை, கடிகாரம் இருந்தும், உதட்டசைவில் எண்ணினார். எண்ணி முடித்ததும் குண்டைத் தூக்கி, குழியை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, குறுக்கே ஒருமுறையும் நெடுக்கே ஒருமுறையும் அளந்தார்.

நான் ஒன்றையும் விடவில்லை. குண்டைக் கழற்றச் சொல்லி அளந்தேன். பாரத்தைச் சரிபார்த்தேன். கடினம் தெரிந்த ஓர் எஃகுத் துண்டை ஈப்போவிலிருந்து எடுத்துப் போயிருந்தேன். அதை வைத்து அழுத்தச் சொன்னேன். இயந்திரம் மயிரிழை பிசகாமல் சரியான எண்ணைச் சொன்னது. இன்னொரு முறை செய்யச் சொன்னேன். நான்காவது முறையும் கேட்டபோது அவர் கைத்துணியை மடித்து மேசையில் வைத்தார்.

"நீங்க என்னை செக் பண்ணத்தான் வந்திருக்கீங்கன்னு எங்க பாஸ் சொன்னாரு மேடம். பரவால்ல, நல்லா பண்ணுங்க. ஆனா வர்றதுக்கு முன்னாடி நீங்களே என்கிட்ட சொல்லியிருக்கலாம். தினம் பேசறோம் இல்ல?"

அன்று மாலை ஐந்து மணிக்கு இருவரும் ஒரே அறையில்தான் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளை விட்டால், மூன்று வருடத்தில் பேசிக்கொள்ளாத ஐந்து மணி அதுதான்.

வியாழக்கிழமை அவர் அழைத்துப்போக வரவில்லை. சீக்கிரம் போகவேண்டிய வேலை இருப்பதாகச் செய்தி அனுப்பியிருந்தார். தனியாக மெட்ரோவில் ஏறினேன். இறங்கவேண்டிய நிலையத்தில் இறங்க முடியவில்லை. கதவருகே இருந்த கூட்டம் என்னைச் சுவரோடு சேர்த்து அழுத்திவிட, கதவு திறந்து மூடிக்கொண்டது. பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற அம்மாள் கன்னடத்தில் ஏதோ சொன்னார். நான் விழிப்பதைப் பார்த்துச் சட்டெனத் தமிழுக்கு மாறினார். "சத்தம் போட்டா வழி விடுவாங்கம்மா. ஊமையாட்டம் நின்னா யாருக்குத் தெரியும், நீ இறங்கணும்னு?"

அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்த்திசை வண்டி பிடித்து, ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். நேராக எட்வின் முன்னால் போய் நின்றேன்.

"மன்னிச்சிருங்க. உங்க தப்புன்னு எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அத எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் சொல்லல. இப்ப சொல்லிட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் நுண்ணோக்கியின் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு, "சாப்ட போலாமா?" என்றார். அப்போது மணி பதினொன்றரைகூட ஆகவில்லை.

தெருமுனை உணவகத்தில் ராகிக் களி உருண்டை வாங்கிக் கொடுத்தார். நார்த்தங்காய் அளவு, சுடச்சுட. நான் ஒரு துண்டைக் கிள்ளி மெல்லத் தொடங்கினேன். அது வாயெல்லாம் ஒட்டிக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்த லாரிக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, கையை ஆட்டிக் கன்னடத்தில் கத்தினார். "மெல்லக் கூடாதாம், குழம்புல தோச்சு அப்படியே முழுங்கணுமாம்" என்று எட்வின் மொழிபெயர்த்தார். முழுங்கினேன். லாரிக்காரர் தம் மேசையிலிருந்தே எனக்குச் சபாஷ் போட்டார். எட்வின் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் போனில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சிரிக்கும்போது கண்ணை முழுக்க மூடிக்கொள்வார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கை கழுவிவிட்டு வரும்போது அவர் ஒரு வார்த்தை சொன்னார். "மேடம், இதே கட்டியை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்துப் பாத்தோம் இல்ல, அதுல உங்க நம்பரும் என் நம்பரும் ஒண்ணா வந்துச்சு. இழுத்தா சண்டையே இல்ல. அழுத்தினாத்தான் சண்டை."

நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டேன். உண்மைதான். அது எங்கள் இருவருக்கும் ஒரு வருடமாகத் தெரியும். அதை ஒரு வாக்கியமாக யாரும் சொல்லிப் பார்த்ததில்லை.

"குண்டு அழுத்தின இடத்துக்கு அடியில என்ன ஆயிருக்குன்னு பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"மேலதான் பாத்திருக்கோம். அடியில பாக்கணும்னா அறுக்கணும்."

என் கணக்கில் கறுப்புத் துகள்கள் உலோகம் முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கும். குண்டு அழுத்தினபிறகும் அப்படியேதான் இருக்கும். அப்படித்தான் நான் எழுதியிருந்தேன். நிஜத்தில், அழுத்தம் விழும் இடத்தில் மென்மையான அலுமினியம் பக்கவாட்டில் நகர்ந்துவிட, துகள்கள் மட்டும் குண்டுக்கு அடியில் நெருக்கிக்கொண்டு நின்றால்? அந்த இடம் மட்டும் இன்னும் கெட்டியாகிவிடும். குழி சிறிதாகிவிடும்.

ஆனால் ஒரு சிக்கல். சோதித்த கட்டிகளெல்லாம் வார்ப்பு ஆலைக்குத் திரும்பிப் போயிருந்தன. கூடத்தில் ஒன்றுதான் மீதம். எட்வின் சொன்ன எண்களுக்கு இருந்த ஒரே சாட்சியும் அதுதான். அறுத்துப் பார்த்து உள்ளே ஒன்றும் இல்லையென்றால், தம் அளவீடு சரி என்று காட்ட அவரிடம் எதுவும் மிஞ்சாது.

"வேணாம். ஈப்போவுக்குப் போயி கணினியிலயே செஞ்சு பாக்கறேன்" என்றேன்.

"அதுக்குள்ள உங்க ஆளுங்க என் பேர்ல லெட்டர் அனுப்பிடுவாங்க." கட்டியைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் அசைத்தார். "நீங்க சொல்றீங்கன்னா இருக்கும் மேடம். அறுத்துடலாம்."

வெள்ளிக்கிழமை முழுக்க அந்த வேலைதான். வைரத்தூள் பதித்த மெல்லிய சக்கரம், தண்ணீர் சொட்டச் சொட்ட, நத்தை வேகத்தில் கட்டிக்குள் இறங்கியது. குழியின் நட்டநடுவில் அறுக்கவில்லை. அறுவை பட்ட இடம் சிதைந்துபோகும் என்பதால் மயிரிழை தள்ளி அறுத்து, நடுப்பகுதி வரும்வரை தேய்த்தே கொண்டுபோனார். முரட்டுத் தாள், பிறகு மென்தாள், பிறகு ஈரத்துணி. ஒவ்வொரு தாள் மாறும்போதும் சட்டையில் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கட்டைவிரல் நகம் பிளந்திருந்தது. இதெல்லாம் போனில் தெரியாது.

நான்கு மணிக்கு அதை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார்.

"நீங்க பாருங்க. உங்க கட்டி" என்றேன்.

குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை. பிறகு, கண்ணை எடுக்காமலே, "இங்க வந்து பாருங்க, எப்படி முட்டிக்கிட்டு நிக்குதுங்க!" என்றார்.

பார்த்தேன். விளிம்பில் துகள்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. குழிக்கு நேர் அடியில் கால் வைக்க இடமில்லாமல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. சில துகள்கள் விரிசல்கூட விட்டிருந்தன. என் கணக்கில் இல்லாத ஊர் அங்கே இருந்தது.

"அப்ப என் மெஷின் கரெக்ட்டு" என்றார் மெதுவாக. அந்த நான்கு வார்த்தைக்காக அவர் எத்தனை நாள் தூங்கவில்லை என்பது, ஸ்டூலில் அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

அங்கிருந்தே மேலாளரைக் கூப்பிட்டேன். "பெங்களூர் அளவு சரி. தப்பு என்னுடையது. துகள்கள் நகராது என்று நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்." அவர் ஆங்கிலத்தில் நன்றாகவே திட்டினார். கடைசியில், "சரி, திருத்தி முடி. முடித்ததும் இந்தக் கோப்பை மூடிவிடலாம், அங்கே இனி நமக்கு வேலையில்லை" என்றார்.

போனை வைத்தபிறகுதான் அந்த வாக்கியம் எனக்கு உறைத்தது.

சனிக்கிழமை எட்வினின் மேசையிலேயே மடிக்கணினியை வைத்துக்கொண்டேன். குண்டுக்குக் கீழே வரும் பகுதியில் துகள்களைச் சீரான மாவாக விடாமல், தனித்தனித் துகளாகவே வைத்து, நகரவிட்டு மறுபடி அழுத்தினேன். ஓடி முடிய ஆறு மணி நேரம் ஆகும். உண்மையைச் சொல்கிறேன்: அது சரியாக வரக்கூடாது என்று நடுவில் ஒருமுறை நினைத்தேன். வராவிட்டால் இன்னும் ஒரு வருடம் ஐந்து மணிக்கு எண்கள் இருக்கும். வந்துவிட்டது. என் குழியும் அவர் குழியும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின. எட்வின் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கி முடித்தபின்னும் உடனே விடவில்லை.

"நாளைக்கு எங்க வீட்டுக்குச் சாப்ட வாங்க. அக்கா கூப்டச் சொன்னா."

வீடு மர்பி டவுனில், ஒரு சந்துக்குள். ஞாயிறு பூசை முடிந்து சனம் திரும்பும் நேரம் அது. அவருடைய அக்கா ஃபுளோரா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கண்ணில் நீர் அழுத்தம். ஓரப்பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. கதவைத் திறந்தவர் என் குரலைக் கேட்டதுமே, "ஓ, அஞ்சு மணி!" என்றார். எட்வின் அவசரமாக அடுக்களைக்குள் போய்விட்டார்.

பன்றிக்கறி வறுவல், ரசம், தக்காளி சாதம். எங்கள் ஊரில் இந்த வறுவலில் கறிவேப்பிலை தூக்கலாக இருக்கும். இங்கே மிளகும் வினிகரும். நான் மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டபோது ஃபுளோரா அக்கா பேச ஆரம்பித்தார்.

"உன் போன் வர்ற நேரம் நான் டிவி சவுண்டு வெக்கக் கூடாதும்மா. ரூல். போனு வெச்சிட்டு வருவான் பாரு, எட்டுக்கட்டையில பாடிக்கிட்டே பாத்திரம் தேய்ப்பான். ஞாயித்துக்கிழமை போன் கிடையாது இல்ல, அன்னிக்கு மூஞ்சியப் பாக்க முடியாது."

"அக்கா, சும்னே இரு" என்றார் எட்வின் தட்டைப் பார்த்துக்கொண்டே.

"நான் என்ன பொய்யா சொல்றேன்? ஏம்மா, நீ இங்கயே வந்துடேன். உன் கம்ப்யூட்டரு எங்க வெச்சாலும் ஓடும்தானே?"

எங்கள் வீட்டு நிலையைச் சொன்னேன். வாரம் மூன்று நாள் அம்மாவை நான்தான் காரில் ஏற்றி டயாலிசிஸுக்குக் கொண்டுபோகிறேன். நான்கு மணி நேரம் உட்கார்ந்து, திரும்பக் கொண்டுவருகிறேன். தம்பிக்கு விடுப்பு திங்களோடு முடிகிறது.

ஃபுளோரா அக்கா தலையை ஆட்டினார். சாதத் தட்டைத் தேடிய அவர் கை மேசையில் தடவிக்கொண்டு வந்தது. எட்வின் தட்டை நகர்த்தி அந்தக் கைக்குக் கீழே வைத்தார். பார்க்காமலே வைத்தார், அவ்வளவு பழக்கம். "இவனும் எங்கயும் வர முடியாதும்மா. என்னால" என்றார் அக்கா. அதன்பிறகு கேக் வந்தது. என் தட்டில் பெரிய துண்டாக விழுந்தது.

திங்கள் மதியம் விமான நிலையப் பேருந்து நிற்குமிடம்வரை எட்வின் வந்தார். பெட்டியை ஏற்றிவிட்டார். "ரிப்போர்ட்ல உங்க பேரும் போட்டிருக்கேன்" என்றேன். "தேங்க்ஸ் மேடம்" என்றார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். குளிர்சாதன வண்டி, கண்ணாடி திறக்காது. கையசைத்தேன். அவரும் கையசைத்தார். வண்டி புறப்பட்டு, இருபது அடி போய், நின்றுவிட்டது. முன்னால் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

போன் அடித்தது. திரும்பிப் பார்த்தால் அவர் நடைபாதையில் நடந்து என் ஜன்னலுக்கு நேராக வந்துகொண்டிருந்தார், போனைக் காதில் வைத்தபடி.

"சீட்டு சரியா இருக்கா மேடம்?"

"இருக்கு."

வண்டி ஊர்ந்தது. அவரும் நடந்தார். நின்றது. நின்றார். மூன்று வருடம் முகமில்லாமல் கேட்ட குரலும், ஆறு நாள் பார்த்த முகமும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதல் தடவையாக ஒன்றாக இருந்தன. முன்சீட்டுக்காரர், "இப்படிப் போனால் விமானத்தை விட்டுவிடுவோம்" என்று நடத்துநரிடம் ஆங்கிலத்தில் சண்டை போட்டார். தோண்டிய இடத்துக்கு அப்பால் தெரிந்த சிக்னல் பச்சைக்கு மாறக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"யோகா" என்றார். முதல் முறையாக மேடம் இல்லை.

"சொல்லுங்க எட்வின்."

"அக்காவ விட்டுட்டு என்னால வர முடியாது."

"தெரியும். அம்மாவ விட்டுட்டு நானும் வர முடியாது."

"தெரியும்." நடைபாதையை அடைத்து நின்ற ஒரு தள்ளுவண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது காதில் கேட்டது. "ஆனா வரணும்னு இருக்கு. அத சொல்லாம உங்கள அனுப்பக் கூடாதுன்னுதான் பின்னாடியே வர்றேன்."

கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். "எனக்கும் இங்கயே இறங்கிடணும்னு இருக்கு" என்றேன். பக்கத்துச் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

வண்டி குலுங்கி நகர்ந்தது. இம்முறை நிற்கவில்லை. அவர் வேகமாக நடந்தார், பிறகு ஓடினார். மேம்பாலம் ஏறுமிடத்தில் நடைபாதை முடிந்துவிட்டது. சுவரோரம் நின்றுவிட்டார். நரைத்த தலை, தூக்கிய கை, பிறகு வெறும் சுவர்.

முகம் போய்விட்டது. காதில் குரல் மட்டும் இருந்தது.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."